ஏழாம் கட்டம்

டோக்கியோவிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
கூட்டமைப்பில் சேர வேண்டுமாம்.
ஏழாம் கட்டத்தில் கேட்கிறார்கள்:
பாணியைத் தோற்றுவித்தவர், ஆண்டு, கோட்பாடு.
கட்டத்தின் அகலம் என் கட்டைவிரல்.

தெரியாமல் இல்லை.
நாஹா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன்
இஷிமினே சோஏய்.
ஒருநாள் சர்க்கரைப் பீப்பாய் உருண்டு வந்து
வலது முழங்காலில் உட்கார்ந்தது.
அதற்குமுன் அவன் ஆடிய காத்தா
ஊரில் எல்லோரும் ஆடியதுதான்.
அதற்குப்பின், மூன்றாவது அடியில்
கால் முழுதாகப் போகாது.
பாதியில் நின்று, தலை தாழ்ந்து,
அந்தத் தாழ்விலிருந்தே குத்து கிளம்பும்.
எதிரில் நின்றவர்கள்
முழு அடிக்குக் காத்திருந்து
மூக்குடைந்து போனார்கள்.

கோட்பாடு என்றால் இதுதான்.
வலித்தது.

ஒசாகாவுக்குக் கப்பலேறினான், கடனோடு.
தைஷோ வட்டாரத்தில் மரக்கடைக்குப் பின்னால்
பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு
பலகை எழுதக் கொடுத்தான்: 'பாதி அடி'.
எங்கள் எழுத்தில் பாதிக்கும் சமத்துக்கும்
இரண்டு சின்னக் கோடுகளின் இடம்தான் பேதம்.
கிடைக்கோட்டுக்கு மேலே நின்றால் பாதி,
கீழே இறங்கினால் சமம்.
பலகை எழுதுகிறவனுக்கு அன்று என்ன அவசரமோ,
கோடுகள் இறங்கிவிட்டன.
திருப்பி எழுதக் காசில்லை.
'சம அடி' என்று மாட்டினார்கள்.

பெயருக்கு ஒரு பிடிவாதம் உண்டு.
பலகையைப் படித்து வந்த புதியவர்கள்
தலையில் கிண்ணம் வைத்ததுபோல
ஏறாமல் இறங்காமல் நடந்தார்கள்.
இஷிமினே ஒன்றும் சொல்லவில்லை.
சந்தா கொடுத்தார்கள் அல்லவா.

நூற்பாலை விடுதியின் மாடி ஜன்னலிலிருந்து
நாங்கள் பார்த்தது வேறு.
நான், நாபே, கொரியாக்காரி போக்சுன்,
இரவுப்பணி முடித்துத் தூக்கம் வராத இன்னும் சிலர்.
அடுக்கிய பலகைகள் கால்களை மறைத்துவிடும்.
தெரிந்ததெல்லாம் தோள்களும் தலைகளும்.
அவற்றில் ஒரு தலை மட்டும்
மூன்றுக்கு ஒருமுறை முங்கி எழும்.
அந்தத் தலையைத்தான் பழகினோம்.
கால்களை நாங்களே இட்டுக்கட்டிக்கொண்டோம்,
பாய்க்கும் பாய்க்கும் இடையில்
எவ்வளவு இடம் இருந்ததோ அவ்வளவு.

கத்தக் கூடாது.
பாதிப் பேர் தூங்குவார்கள்,
மேற்பார்வையாளன் கீழ்த்தளத்தில்.
கத்தலை மூக்கு வழியே விட்டோம்.
பஞ்சுத்தூள் அடைத்த மூக்கு;
அது சீறலாக வந்தது.
இன்று சமஅடிக்காரர்கள் எல்லோரும்
சீறித்தான் குத்துகிறார்கள்.
பாம்பின் மூச்சு என்று
போன வருட மலரில் ஒருவர்
நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்.
எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார், கையெழுத்திட்டு.

போர் வந்தது. மரக்கடை எரிந்தது.
பலகை எரியவில்லை,
அடகில் இருந்ததால்.

இந்த வசந்தத்தில் பிரேசிலிலிருந்து
கம்போ கிராண்டி கிளை
ஒரு படச்சுருள் அனுப்பியது.
சுவரில் போர்வை கட்டிப் பார்த்தோம்.
செம்மண் முற்றம், இருபது பிள்ளைகள்,
மூன்றாவது அடியில் தலை முங்குகிறது.
எனக்குத் தொண்டை அடைத்தது.
அப்புறம்தான் கவனித்தேன்:
இடது கால்.
சுருளைத் திருப்பிப் போட்டுவிட்டாயா என்று
ஓட்டுகிறவனைத் திட்டினேன்.
அவன் விரல் நீட்டினான்.
பின்னால் மருந்துக்கடைப் பெயர்
நேராகத்தான் இருந்தது.

கடிதம் போட்டேன்.
யாகா கென்ஷுன் மூன்று மாதம் கழித்து
ஒரே வரியில் பதில் எழுதினார்:
'இங்கே ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்.'

வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
தோமோயோசே மிசாவோ, செயலாளர்,
என்று அடியில் ஒப்பமிட்டுவிட்டேன்.
ஏழாம் கட்டத்தில்
'ஒரு முழங்கால்' என்று எழுதினேன்.
எந்தக் கால் என்று எழுதவில்லை.
இடமும் இல்லை.